லூபஸ் நோயாளரை வெயிலில் நிற்கச் சொல்லாதீர்கள்

சென்ற கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை. புறநோயாளர் பிரிவில் என் முன் ஒரு தாயும் மகளும் அமர்ந்திருந்தனர். மகளுக்கு லூபஸ் நோய் சிறுநீரகத்தைத் தாக்கி ஓராண்டு ஆகியிருந்தது. சிகிச்சைக்கு நோய் இணங்கி வந்தது. சிறுநீரில் புரதக் கசிவு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஆனால் அன்று அவருடைய கன்னங்கள் இரண்டும் சிவந்து தடித்திருந்தன. விரல் மூட்டுகளில் வலி என்றார். தாயார் ஒரு பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினார். வெளியே ஓர் ஆய்வகத்தில் "முழு உடல் பரிசோதனை" செய்தபோது வந்தது. அதில் வைட்டமின் டி 8 என்று தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

"வெயிலே படாம இருக்கா டாக்டர், அதான் இப்படிக் குறைஞ்சு போச்சு. ஒரு மாசமா தெனமும் பதினோரு மணிக்கு மொட்டை மாடியில அரை மணி நேரம் நிக்க வைக்கிறேன். இப்ப ஏறியிருக்கும் இல்லையா?"

அந்தத் தாயின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஓராண்டுக்கு முன் "வெயிலில் போகாதீர்கள்" என்று சொன்னவன் நான். வெயிலில் போகாதவருக்கு வைட்டமின் டி எங்கிருந்து கிடைக்கும் என்பதை அன்று நான் சொல்லவில்லை. நான் விட்ட இடைவெளியை அண்டை வீட்டாரும் கைப்பேசியும் நிரப்பிவிட்டன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லூபஸ் நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு வைட்டமின் டி பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அதை அளந்து பார்த்து, மருந்தாகவே, அளவோடு கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். வெயிலை அதற்கு வழியாகக் கொள்ளக் கூடாது. ஓரளவு சரியானபின் அந்த எண்ணின் பின்னால் ஓடுவதை நிறுத்திவிட்டு, சிறுநீரில் எவ்வளவு புரதம் போகிறது என்பதில் கண் வைக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆயினும் இவை ஒவ்வொன்றிலும் தவறு நேர்வதைக் கண்டு வருகிறேன். அவற்றுள் ஒன்று நானே செய்த தவறு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வைட்டமின் டி உடலில் எவ்வாறு உருவாகிறது என்று தெரிந்தால் மற்றவை விளங்கும். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களில் 'பி' என்னும் வகை தோலில் படும்போது, அங்குள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டியாக மாறுகிறது. அது கல்லீரலுக்குச் சென்று முதல் மாற்றத்தை அடைகிறது. ஆய்வகங்கள் அளப்பது இந்த நிலையில் உள்ளதைத்தான். பிறகு சிறுநீரகம் அதை இரண்டாம் முறை மாற்றிச் செயல்படும் வடிவமாக்குகிறது. அந்த வடிவமே குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச உதவி எலும்பைக் காக்கிறது. தோல், கல்லீரல், சிறுநீரகம் என மூன்று உறுப்புகளின் கூட்டு வேலை இது. லூபஸ் சிறுநீரக அழற்சி உள்ளவருக்கு இம்மூன்றில் முதலாவதை நாமே அடைத்துவிடுகிறோம். கடைசியானது நோயால் பழுதாகலாம்.

முதலாவதை ஏன் அடைக்கிறோம்? புற ஊதாக் கதிர் தோலின் உயிரணுக்களைச் சிதைக்கும்போது, வழக்கமாக உள்ளே மறைந்திருக்கும் உட்கருப் பொருள்கள் வெளிப்படுகின்றன. லூபஸ் நோயாளரின் உடலில் சுற்றிவரும் எதிர்ப்பொருள்கள் அந்த உட்கருப் பொருள்களுக்கு எதிரானவையே. நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கோலைக் கொண்டுபோய் வைப்பதைப் போன்றது அது. முகத்தில் தடிப்பு மட்டும் வந்து நின்றுவிடும் என்பதற்கு உறுதி இல்லை. மூட்டு, சிறுநீரகம் என்று நோய் மீண்டும் கிளர்ந்தெழவும் கூடும். அதுவும் அன்றைக்கே வராது. சில நாள்கள், சில வாரங்கள் கழித்துக்கூட வரும். ஆகவே வெயிலுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு வீட்டாருக்குப் புலப்படுவதில்லை.

"அப்படியானால் காலை இளவெயிலில் நிற்கலாமே" என்று பலர் கேட்கிறார்கள். காலை ஆறரை, ஏழு மணிக்குச் சூரியன் தாழ்வாக இருக்கும்போது 'பி' வகைக் கதிர்கள் தரையை வந்தடைவது மிகக் குறைவு. அந்த நேரத்தில் நின்றால் உடம்புக்கு இதமாக இருக்கும். வைட்டமின் டி பெரிதாகக் கிடைக்காது. நம் ஊரில் வைட்டமின் டி உருவாகும் நேரம் என்பது பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடைப்பட்ட வெயில். லூபஸ் நோயாளர் எந்த நேரத்தைத் தவிர்க்க வேண்டுமோ அதே நேரம். இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல நேரத்தைக் கண்டுபிடிக்க முடியாது. சன்னல் கண்ணாடிக்கு உள்ளே உட்காருவதும் பயன்படாது. கண்ணாடி 'பி' வகையைத் தடுத்துவிடும். தோலைத் தாக்கக்கூடிய 'ஏ' வகையைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். நன்மையை வெளியே நிறுத்திவிட்டுத் தீமைக்குக் கதவு திறப்பதாக முடியும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வெயில் கொளுத்தும் நம் தென்னிந்தியாவில் நோயற்றவர்களுக்கே வைட்டமின் டி குறைவு பரவலாக உள்ளது. திருப்பதிப் பகுதியில் நடந்த ஆய்வுகளில், நகரத்தாரைவிட வயல்வேலை செய்யும் ஊர்ப்புறத்தாரிடம் அளவு கூடுதலாக இருந்தது. இருந்தும் அங்கும் குறைபாடு காணப்பட்டது. கருநிறத் தோலுக்கு அதே அளவு வைட்டமினை உருவாக்க அதிக நேர வெயில் வேண்டும் என்பது ஒரு காரணம். ஆகவே உங்கள் மகளுக்கோ மனைவிக்கோ குறைவாக வந்திருப்பதற்கு யாரும் குற்றவாளி அல்லர். "ஒழுங்காகச் சாப்பிடவில்லை", "அறைக்குள்ளேயே கிடக்கிறாள்" என்று அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

உணவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்புள்ள மீன்களில் வைட்டமின் டி உண்டு. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட் உண்டு. நாளொன்றுக்கு 1,000 யூனிட் வேண்டுமென்றால் இருபத்தைந்து முட்டை சாப்பிட வேண்டும்! கேழ்வரகும் முருங்கைக் கீரையும் கால்சியம் தருபவை. வைட்டமின் டி தருபவை அல்ல. இவ்விரண்டையும் பலர் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறார்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்கள் கீரையைக் கூடப் பொட்டாசியம் பார்த்தே உண்ண வேண்டியிருக்கும். மீன் எண்ணெய் மாத்திரை நல்லது என்று காட் மீன் ஈரல் எண்ணெயை வாங்கி விழுங்குவோரும் உண்டு. அதில் வைட்டமின் ஏ சேர்ந்திருக்கிறது. சிறுநீரகம் பழுதானவரின் உடலில் அது தேங்கும். எங்களிடம் கேட்காமல் அதைத் தொடங்க வேண்டாம்.

இனி அந்த எட்டு என்ற எண்ணுக்கு வருகிறேன். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைபாடு, 30க்கு மேல் இருந்தால் போதுமானது என்று 2011இல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கம் வகுத்தது. உலகெங்கும் ஆய்வக அறிக்கைகளில் அச்சாவது பெரும்பாலும் அந்த எல்லைதான். 2024இல் அதே சங்கம், நலமாக இருப்பவர்களுக்கு இந்த எல்லைக்கோடுகளை இனி வலியுறுத்தவில்லை என்றும், அவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. அது நலமானவர்களுக்கு. வெயிலைத் தவிர்த்து, ஸ்டீராய்டு உட்கொண்டு, சிறுநீரகமும் பாதிக்கப்பட்டவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அவர்களுக்கு இந்தச் சோதனை தேவை என்பதே என் கருத்து. தேவை என்றால் ஆண்டில் ஒரு முறையோ இரு முறையோ, மாதந்தோறும் அன்று. சில ஆய்வகங்கள் வேறு அலகில் எழுதும். அந்த அலகில் 50 என்றால் நம் கணக்கில் 20. பழைய தாளையும் புதிய தாளையும் ஒப்பிடும்போது எண்ணுக்குப் பக்கத்திலுள்ள அலகையும் பாருங்கள். அளவு இரண்டரை மடங்கு ஏறிவிட்டது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு, அலகுதான் மாறியிருந்தது.

புரதக் கசிவு மிகுந்தவர்களுக்கு இந்த எண் வேறொரு வகையிலும் ஏமாற்றும். வைட்டமின் டி இரத்தத்தில் தனியே மிதந்து செல்வதில்லை. அதற்கென ஒரு புரதம் உண்டு. பெரும்பகுதி அதனோடு பிணைந்தே பயணம் செய்கிறது. அப்புரதத்தைப் பேருந்து என்று வைத்துக்கொண்டால், வைட்டமின் டி அதில் செல்லும் பயணிகள். சிறுநீரகத்தின் வடிகட்டி ஓட்டையாகி நாளொன்றுக்கு நான்கைந்து கிராம் புரதம் வெளியேறும்போது, பேருந்துகளும் பயணிகளோடு வெளியே போய்விடுகின்றன. ஆய்வகம் எண்ணுவது பேருந்தில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான். இறங்கி வேலை செய்துகொண்டிருப்பவர்கள் அந்த அளவுக்குக் குறைந்திருக்க மாட்டார்கள். ஆகவே கசிவு மிகுந்த ஒருவரின் எட்டும் கசிவே இல்லாத ஒருவரின் எட்டும் ஒன்றல்ல. நோய் அடங்கிக் கசிவு குறையும்போது, எண் தானாகவே ஓரளவு ஏறும். கசிவு இருக்கும் காலத்தில் "ஏறவில்லையே, ஏறவில்லையே" என்று மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால், கசிவு நின்றபின் அது மிகையாகி நிற்கும். இரத்தத்தில் மொத்தக் கால்சியமும் இதே காரணத்தால் குறைவாகத் தோன்றும். அல்புமின் அளவைச் சேர்த்துப் பார்த்தே அதைப் படிக்க வேண்டும்.

சரி, குறைந்திருந்தால் என்ன கெட்டுவிடும்? இதற்கு உறுதியான பதில் ஒன்றும், உறுதியற்ற பதில் ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துச் சொல்வது மருத்துவரின் கடமை.

உறுதியான பதில் எலும்பு. லூபஸ் சிறுநீரக அழற்சிக்கு ஸ்டீராய்டு தவிர்க்க இயலாத மருந்து. அது குடலில் கால்சியம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சிறுநீரில் கால்சியம் போவதைக் கூட்டும். எலும்பைக் கட்டும் உயிரணுக்களை அடக்கும். எலும்பு மிக விரைவாகத் தேய்வது சிகிச்சையின் முதல் சில மாதங்களில்தான். அந்நேரத்தில் வைட்டமின் டியும் இல்லையென்றால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி இரத்தத்திற்குக் கொடுக்கும். நம் நோயாளர்களில் பெரும்பாலோர் இருபது, முப்பது வயதுப் பெண்கள். வாழ்நாள் முழுவதற்குமான எலும்பு இருப்பைச் சேர்த்து வைக்கும் வயது அது. நாற்பது வயதில் முதுகெலும்பு நசுங்கி, குனிந்து என் அறைக்குள் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நோயிலிருந்து சிறுநீரகத்தைக் காப்பாற்றிய நாங்கள், எலும்பைக் காப்பாற்ற மறந்தவர்கள் ஆனோம். தொடையிலும் தோளிலும் தசைகள் தளர்ந்து, மாடிப்படி ஏறச் சிரமப்படுவதற்கும் இக்குறைபாடு ஒரு காரணமாகலாம். (இடுப்பு மூட்டில், தொடை இடுக்கில் வலி வந்தால் அது வேறு செய்தி. ஸ்டீராய்டால் இடுப்பெலும்பின் இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். வைட்டமின் டியால் அது தீராது. உடனே காட்ட வேண்டும்.)

உறுதியற்ற பதில், வைட்டமின் டி லூபஸ் நோயையே அடக்குமா என்பது. நோய் எதிர்ப்பு உயிரணுக்களின் மீதும் வைட்டமின் டியை ஏற்கும் இடங்கள் இருப்பதால் இந்த நம்பிக்கை எழுந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லூபஸ் நோயாளர் ஆயிரத்துச் சொச்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வைட்டமின் டி அளவு ஏறியவர்களுக்கு நோயின் தீவிரமும் சிறுநீர்ப் புரதமும் சற்றே குறைந்திருந்தன. "சற்றே" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த ஆய்வாளர்களே தலைப்பில் அடக்கமான தொடர்பு என்றுதான் குறித்தார்கள். 40 நானோகிராமுக்கு மேல் ஏற்றியதால் கூடுதல் பயன் எதுவும் தென்படவில்லை. மேலும், நோய் அடங்கியதால் வைட்டமின் டி ஏறியதா, வைட்டமின் டி ஏறியதால் நோய் அடங்கியதா என்பதை இவ்வகை ஆய்வு பிரித்துக் காட்டாது. பேருந்து உவமையை இங்கே மீண்டும் நினைத்துப் பார்க்கலாம்.

2015இல் வேறொரு குழு, லூபஸ் நோயாளர் சிலருக்கு நாள்தோறும் 2,000 யூனிட், சிலருக்கு 4,000 யூனிட், சிலருக்கு வெற்று மாத்திரை என்று பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தது. லூபஸில் மிகுந்திருக்கும் இன்டர்ஃபெரான் என்னும் அழற்சித் தூண்டலின் அடையாளம் அதனால் குறையவில்லை. 2022இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றை நாளிதழ்கள் கொண்டாடின. ஐம்பது வயது கடந்த ஏறத்தாழ 26,000 பேரில், நாள்தோறும் 2,000 யூனிட் எடுத்தவர்களுக்குத் தன்னுடல் தாக்கு நோய்கள் புதிதாக வருவது ஐந்தாண்டுகளில் 22 விழுக்காடு குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது நோய் வராதவர்களுக்கு வராமல் தடுப்பது பற்றியது. வந்துவிட்ட லூபஸைத் தீர்ப்பது பற்றியது அன்று. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டுத்தான் அந்தச் செய்தி வாட்ஸ்அப் வழியே உங்களை வந்து சேர்கிறது.

ஆகவே நான் வைட்டமின் டி எழுதித் தருவது எலும்புக்காக. நோய்க்கும் சிறிது நன்மை செய்தால் மகிழ்ச்சி. அதை எதிர்பார்த்து அளவைக் கூட்ட மாட்டேன். 30ஐ ஒட்டி வந்தால் எனக்குப் போதும். 60, 70 என்று ஏற்றி வைப்பதில் பயன் இருப்பதாக நான் நினைக்கவில்லை. சிலர் ஆறு லட்சம் யூனிட் ஊசியை ஒரே தடவையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் எழுபது வயது கடந்த 2,256 பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்து நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. எலும்பு முறிவைக் குறைக்கத்தான் கொடுத்தார்கள்; மருந்து எடுத்தவர்களே அதிகமாகக் கீழே விழுந்தார்கள், அதிகமாக எலும்பு முறிந்தார்கள். ஊசியாகப் போட்டுவிட்டால் திரும்ப எடுக்கவும் முடியாது.

இப்போது என் தவறு. பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் பணியாற்றியபோது நடந்தது. லூபஸ் சிறுநீரக அழற்சி நன்றாக அடங்கியிருந்த ஒரு பெண்ணுக்கு 60,000 யூனிட் பொடிப் பொட்டலம் எழுதினேன். வாரம் ஒன்று, எட்டு வாரம். வாரம் ஒரு முறை என்பதை வழக்கம்போல் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் கிறுக்கியிருந்தேன். சீட்டிலிருந்த மற்ற மருந்துகள் எல்லாம் தினமும் எடுப்பவை. அவர் கணவர் அக்கறையுள்ளவர். ஒவ்வோர் இரவும் பாலில் ஒரு பொட்டலத்தைக் கலக்கித் தம் கையாலேயே கொடுத்திருக்கிறார். தீர்ந்ததும் மருந்துக் கடையில் அதே சீட்டைக் காட்டி மீண்டும் வாங்கினார். ஏழு வாரம் இப்படியே போயிற்று.

அவர் திரும்பி வந்தபோது குமட்டல், தீராத தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர். கிரியேட்டினின் 0.9இலிருந்து 2.1க்கு ஏறியிருந்தது. லூபஸ் மீண்டும் சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டது என்றே நான் நினைத்தேன். திசு ஆய்வுக்கு நாள் குறித்து, வீரியமான மருந்துகளுக்குக் குடும்பத்தாரை ஆயத்தப்படுத்தவும் தொடங்கினேன். ஆனால் சிறுநீரில் புரதம் கூடவில்லை, இரத்த அணுக்கள் இல்லை. இரவுப் பணியிலிருந்த இளம் மருத்துவர் ஒருவர்தான் கால்சியத்தைப் பார்க்கச் சொன்னார். 13.4 என்று வந்தது, 10.5ஐத் தாண்டவே கூடாது. அதன் பிறகுதான் பொட்டலங்களைப் பற்றிக் கேட்டோம். கணவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மருந்தை நிறுத்தி, சிரைவழி உப்புநீர் ஏற்றிக் கால்சியத்தை இறக்கினோம். வைட்டமின் டி கொழுப்பில் தங்குவதால் முழுவதும் வடிய வாரக்கணக்காகும். சிறுநீரகம் இரண்டு மாதத்தில் பழைய நிலைக்கு அருகே வந்தது. வராமலும் போயிருக்கலாம். அவருடைய கணவர் என் மேல் குறை சொல்லவில்லை, தம்மையே நொந்துகொண்டார். படிக்க முடியாத சீட்டை எழுதியவன் நான். அன்று முதல் இந்தப் பொட்டலத்துக்கு மட்டும் தமிழில், கிழமையோடு எழுதுகிறேன்: "ஞாயிறு மட்டும் ஒன்று. மொத்தம் எட்டு. பிறகு நிறுத்தவும்." உங்கள் சீட்டில் கிழமையும் மொத்த எண்ணிக்கையும் எழுதப்படவில்லை என்றால், எழுதியவர் யாராக இருந்தாலும் திரும்பி வந்து கேளுங்கள். எட்டு முடிந்தபின் பெரும்பாலும் நாளுக்கு 1,000 அல்லது 2,000 யூனிட் என்ற சிறிய அளவே போதும். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை உங்கள் கால்சியத்தையும் கிரியேட்டினினையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்துவிட்டவர்களுக்கு ஒரு சொல் கூடுதலாக. உங்களுக்குக் கால்சிட்ரியால் என்ற மாத்திரை எழுதப்பட்டிருக்கலாம். சிறுநீரகம் செய்ய வேண்டிய கடைசி மாற்றத்தை முடித்து வந்த வைட்டமின் டி அது. பொட்டலமும் அதுவும் ஒன்றுக்கு மாற்றாக ஒன்றல்ல. "இதுவும் வைட்டமின் டி தானே" என்று மருந்துக் கடையில் மாற்றித் தந்தால் வாங்க வேண்டாம். இரண்டையும் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து எடுக்க நேர்ந்தால் இரத்தக் கால்சியத்தை அடிக்கடி பார்த்தாக வேண்டும்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. வைட்டமின் என்ற பெயர் இருப்பதால் எல்லாரும் இதை விரும்பி எடுக்கிறார்கள். உண்மையில் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தைக் கண்டு அஞ்சுகிறார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரையைச் சொல்கிறேன். "அது மலேரியா மாத்திரை, கண் போய்விடும்" என்று யாரோ சொல்ல, ஓசையின்றி நிறுத்திவிட்டு வருவோர் ஏராளம். 1991இல் கனடாவில், நோய் அடங்கியிருந்தவர்களில் ஒரு பாதியினருக்கு அதைத் தொடர்ந்தும், மறுபாதியினருக்கு வெற்று மாத்திரையாக மாற்றியும் பார்த்தார்கள். மாற்றப்பட்டவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. வைட்டமின் டிக்கு இவ்வளவு வலுவான சான்று எதுவும் இல்லை. கண்ணைப் பற்றிய அச்சம் பொய்யானதன்று. அதற்காகத்தான் உடல் எடைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவுக்குள் கொடுக்கிறோம், சிறுநீரகம் தளர்ந்தால் இன்னும் குறைக்கிறோம், முதலாண்டிலேயே விழித்திரையைச் சோதிக்கச் சொல்கிறோம். பொதுவாக ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதனை போதும். சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு அதற்கு முன்பே தொடங்க வேண்டும். கண் மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் செலவாகும். நிறுத்திவிட்டால் செலவாவது சிறுநீரகம்.

பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். வைட்டமின் டி சோதனை விலை கூடியது. சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் சோதனை அதைவிட மலிவு. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கியவருக்கு அதைவிட ஆயிரம் மடங்கு பயன் தருவது. கையில் ஒரு சோதனைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எதைச் செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். சிறுநீர்க் குப்பியோடு வாருங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பெண்ணுக்கு மொட்டை மாடியை நிறுத்தினோம். குடை, முழுக்கை உடை, முகத்துக்கு வெயில் தடுப்புக் களிம்பு. கல்லூரிக்குப் போகும் வழியில் குடை பிடிக்கக் கூச்சமாக இருக்கிறது என்றார். பாட்டி காலத்தில் ஆண்களே கருப்புக் குடையோடுதான் நடந்தார்கள் என்றேன், சிரித்தார். தடிப்பு ஆறு வாரத்தில் மறைந்தது. ஞாயிறுதோறும் ஒரு பொட்டலம் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து வந்தபோது தாயார் இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். மேலே இருந்தது சிறுநீர்ப் பரிசோதனை, விகிதம் 0.4. கீழே இருந்ததில் வைட்டமின் டி 27.

"இன்னும் மூணு ஏறணும் இல்லையா டாக்டர்?" என்றார்.

"வேண்டாம் அம்மா, இது போதும்" என்று சொல்லி, மேலே இருந்த தாளை மீண்டும் ஒரு முறை எடுத்துப் பார்த்தேன்.